அல்டிமோ, இன்ஸ்டன்ட், நாளது

பழைய ஆங்கிலக் கடிதங்களைப் புரட்டினா தேதிக்குப் பக்கத்துல மூணு குட்டி வார்த்தைகள் அடிக்கடி கண்ணுல படும். இன்ஸ்ட்., அல்ட்., ப்ராக்ஸ். நம்ம மாதிரி கீபோர்டு தட்டிப் பொழைக்கிற ஆளுங்களுக்கு அல்ட். என்றதும் ஆல்ட் கீ ஞாபகம் வரும், ப்ராக்ஸ். என்றதும் ப்ராக்ஸி சர்வர் ஞாபகம் வரும். ரெண்டும் இல்ல. மூணுமே லத்தீன் (அல்லது லத்தீன் வழி வந்த) சமாச்சாரம். இன்ஸ்டன்ட் என்றால் நடப்பு மாதம். அல்டிமோ என்றால் கடைசியா முடிஞ்ச மாதம், அதாவது சென்ற மாதம். ப்ராக்ஸிமோ என்றால் அடுத்து வரப்போகும் மாதம். 'தங்களது 17-ம் தேதி அல்டிமோ கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று எழுதினால், போன மாசம் 17-ம் தேதி நீங்க போட்ட லெட்டர் வந்துடுச்சு என்று அர்த்தம். அவ்ளோதான்.

மாதத்தின் பேரையே எழுதிட்டுப் போறதுக்கு என்ன கேடு என்று கேப்பீங்க. நியாயமான கேள்வி. மே, ஜூன் எல்லாம் அல்ட். அளவுக்குத்தான் நீளம். இதுல மையும் மிச்சம் இல்ல, பேப்பரும் மிச்சம் இல்ல. ஆனா ஒரு தொழிலுக்குன்னு ஒரு பாஷை வந்துட்டா அதை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கம்பெனி குமாஸ்தா எழுதினான், அவனைப் பார்த்து வியாபாரி எழுதினான், வக்கீல் எழுதினான், அப்புறம் நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லெட்டர் அடிச்சுப் பழகினவங்களும் எழுதினாங்க. இங்கிலாந்திலேயே 1948-ல் எர்னஸ்ட் கவர்ஸ் அரசு ஊழியர்களுக்காக 'ப்ளெயின் வேர்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி, இந்த மாதிரி வறட்டு ஆபீஸ் நடையை விட்டுத் தொலைங்கப்பா என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்ம பக்கம் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு. அதுக்கு எங்க வீட்டுலயே ஒரு அத்தாட்சி இருக்கு, பின்னால சொல்றேன்.

இந்த வார்த்தைகள் எங்க ஊர்ப் பக்கம் எப்போ வந்து இறங்கின என்று தேடினா, ஓரளவு தெளிவாவே சொல்ல முடியும். 1792. மூணாவது மைசூர் யுத்தம் முடிஞ்சு, மார்ச் மாசம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாச்சு. திப்பு பாதி ராஜ்யத்தை விட்டுக் கொடுக்க வேண்டி வந்துது. அதுல கம்பெனி பங்குக்கு வந்த துண்டுகள்ல ஒண்ணு பாராமகால். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த பகுதி. ஓசூர் அப்ப வரல. 1791 ஜூலைல காரன்வாலிஸ் படை ஓசூர் கோட்டையைப் பிடிச்சதென்னவோ உண்மை. ஆனா ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் நிரந்தரமா கம்பெனி கைக்கு வந்தது 1799-ல் திப்பு இறந்த பிறகுதான். ஆக ஏழு வருஷம் எல்லைக்கோடு கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவுல எங்கயோ ஓடிட்டு இருந்திருக்கு. இப்ப அது ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவுல ஓடுது. எங்க ஊருக்கு எல்லை என்பது எப்பவும் பக்கத்துலயே இருக்கிற விஷயம் போல.

பாராமகாலை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். பட்டாளத்து ஆளு. அவருக்குக் கீழே மூணு உதவியாளர்கள்: தாமஸ் மன்றோ, கிரஹாம், மெக்லியட். மன்றோவை உங்களுக்குத் தெரியும், சென்னைல தீவுத்திடல் பக்கம் குதிரை மேல சேணம் இல்லாம உக்காந்திருக்காரே, அவரேதான். அப்ப அவர் கவர்னர் எல்லாம் கிடையாது, வேலை கத்துக்கிட்டு இருந்த முப்பது வயசு அதிகாரி. ரீட் திருப்பத்தூர்ல உக்காந்தாரு, மத்தவங்க ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு போனாங்க. நிலத்தை அளந்தாங்க, குடியானவன் ஒவ்வொருத்தன் பேர்லயும் தீர்வை போட்டுப் பார்த்தாங்க. பின்னாடி ரயத்துவாரி என்று பாடப்புத்தகத்துல நாம மனப்பாடம் பண்ணினது இங்கதான் முளை விட்டுச்சு. இந்த வேலை எல்லாம் நடந்தது கடிதத்துல. ரீட் எழுதுவார், இவங்க பதில் எழுதுவாங்க, ரீட் சென்னைக்கு எழுதுவார். அந்தக் குவியல்ல இருந்து பொறுக்கி எடுத்து 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று சென்னை அரசாங்க அச்சகம் 1907-ல் இருந்து பாகம் பாகமா அச்சடிச்சுது.

அந்தக் காலத்து கம்பெனிக் கடிதம் எதை எடுத்தாலும் முதல் வரியிலயே நம்ம அல்டிமோ, இன்ஸ்டன்ட் வந்து நிக்கும். கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூருக்கும் நாப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். தபால்காரன் ஓடியே கொண்டுபோய் சேர்த்துடுவான். அந்த தூரத்துக்கு 'சென்ற மாதம்', 'நடப்பு மாதம்' என்று எழுதினா ரெண்டு பேருக்கும் புரியும். ஆனா இதே மன்றோ கிளாஸ்கோவுல இருக்கற அப்பா அம்மாவுக்கும் எழுதியிருக்காரு (க்ளெய்க் என்பவர் 1830-ல் போட்ட வாழ்க்கை வரலாற்றுல அந்தக் கடிதங்கள் நிறைய இருக்கு). கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போய்ச் சேர அஞ்சாறு மாசம். 'இந்த மாசம் 5-ம் தேதி எனக்கு ஜுரம்' என்று எழுதினா, அம்மா படிக்கும்போது அது எந்த மாசம்? ஜுரம் போய் ஆறு மாசம் ஆகியிருக்கும். கடுதாசி தலைப்புல இருக்கற தேதியை முதல்ல பார்த்துட்டுத்தான் உள்ள இருக்கற வார்த்தைக்கே அர்த்தம் பண்ணிக்கணும்.

இங்கதான் எனக்கு சுவாரசியம் தட்டிச்சு. நம்ம பாஷையில சொன்னா அல்டிமோ என்பது ரிலேட்டிவ் பாத். கடிதத்தின் தலைப்புத் தேதிதான் ரூட். ரூட் இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல. ரூட் போச்சுன்னா கோவிந்தா.

ரூட் இருந்தாலும் வேடிக்கைகள் உண்டு. மார்ச் 2-ம் தேதி உக்காந்து '27-ம் தேதி அல்ட்.' என்று எழுதினா அது சும்மா மூணு நாலு நாளைக்கு முன்னாடி. மார்ச் 30-ம் தேதி உக்காந்து '2-ம் தேதி இன்ஸ்ட்.' என்று எழுதினா அது நாலு வாரத்துக்கு முன்னாடி. 'சென்ற' என்பது பக்கத்துல இருக்கு, 'நடப்பு' என்பது தூரத்துல இருக்கு. இன்னொண்ணு, மார்ச் 31 அன்னிக்கு எழுதின கடிதம் ஏப்ரல் 2-ம் தேதி கைக்கு வருது. எழுதினவருக்கு இன்ஸ்டன்ட், படிக்கிறவருக்கு அல்டிமோ. யாரோட கடிகாரத்தை வச்சு அர்த்தம் பண்ணணும்? எழுதினவரோடதை என்பதுதான் விதி. சர்வர் டைமா க்ளையண்ட் டைமா என்று நாம ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சுக்கற அதே சண்டை, வேற உடுப்புல.

படிக்கிறவர் கடிகாரத்தை வச்சு அர்த்தம் பண்ணினா என்ன ஆகும் என்பதற்கு நம்ம டீக்கடையில ஒரு போர்டு தொங்கும், பார்த்திருப்பீங்க. 'இன்று ரொக்கம் நாளை கடன்'. உலகத்துலயே ரொம்ப புத்திசாலித்தனமான தேதிக் குறிப்பு இதுதான் என்பேன். என்னிக்குப் போனாலும் இன்னிக்குதான். வாட்ஸப்ல 'இன்று இரவு 12 மணிக்கு மேல் போனை அணைத்து வையுங்கள், விண்வெளிக் கதிர் வருகிறது' என்று ஒரு ஃபார்வர்டு சுத்துமே, அதுவும் இதே டெக்னிக். தேதியே போடாததால அதுக்குச் சாவே கிடையாது.

சமீபத்துல நடந்ததைச் சொல்ல ஆங்கிலத்துல இன்னும் சில செத்த, அரைகுறையாச் செத்த வார்த்தைகள் இருக்கு. அதுல ஏமாத்துக்கார வார்த்தை 'லேட்'. நமக்கு லேட் என்றால் ஒண்ணு ஆபீஸுக்குத் தாமதம், இல்லேன்னா கல்யாணப் பத்திரிகைல பெரியவர் பேருக்கு முன்னாடி அடைப்புக்குறிக்குள்ள போடுறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்துல அதுக்கு 'சமீபத்திய' என்றும் 'முன்னாள்' என்றும் அர்த்தம் உண்டு. 'லேட் வார்' என்றால் சமீபத்துல நடந்து முடிஞ்ச யுத்தம். 'லேட் கலெக்டர்' என்றால் மனுஷன் உசிரோட, வேற ஊருக்கு மாத்தலாகிப் போய், நல்லா சாப்பிட்டுட்டு இருக்கலாம். பழைய ஆவணத்தைப் படிச்சுட்டு ஊர் வரலாறு எழுதற நண்பர்கள் இதைக் கவனிங்க. ஒரு கலெக்டரை அநியாயமாக் கொன்னுடாதீங்க.

இங்கிலாந்துல மூலையில ஒதுங்கிப் போன 'எர்ஸ்ட்வைல்' நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்ல தினமும் வேலைக்கு வந்துடும். அதுக்கு எங்க மாவட்டமே காரணம் சொல்லலாம். 1965 அக்டோபர் 2-ல் சேலத்துல இருந்து தர்மபுரி பிரிஞ்சுது. 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. 1960-ல ஓசூர்ல பொறந்த ஒருத்தர் வீடு மாறாமலேயே மூணு மாவட்டத்துல குடியிருந்திருக்காரு. இந்த நிலைமையில 'எர்ஸ்ட்வைல்' இல்லாம நிருபர் எப்படி செய்தி எழுதுவார், பாவம்.

'யெஸ்டர்இயர்' கதை இன்னும் ஜோர். சினிமாப் பக்கத்துல 'யெஸ்டர்இயர் ஹீரோயின்' என்று போடுறாங்களே, அந்த வார்த்தை ஏதோ ஆதிகாலத்து இங்கிலீஷ் என்றுதான் தோணும். கிடையாது. டான்டே கேப்ரியல் ரோசெட்டி என்ற கவிஞர், வியோன் என்ற பதினைஞ்சாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞரை மொழிபெயர்க்கும்போது, 'போன வருஷம்' என்ற பொருள் வர்ற ஒரு பழைய பிரெஞ்சு வார்த்தைக்கு இணையா அவரே செஞ்சது. 1870-ல் அச்சில் வந்தது. பழசு மாதிரி வாசனை வரணும் என்று புதுசா செஞ்ச ஐட்டம். நேர் அர்த்தம் போன வருஷம்தான். அந்தக் கணக்குல போன வருஷம் ஹிட் கொடுத்த நாயகியைத்தான் யெஸ்டர்இயர் ஹீரோயின் என்று சொல்லணும். சொல்லிப் பாருங்க, விட மாட்டாங்க :-)

அப்புறம் நேத்துக்கு முந்தின நாள். அதுக்கு ஆங்கிலத்துல ஒரு காலத்துல 'எர்யெஸ்டர்டே' என்று ஒத்தை வார்த்தை இருந்தது, செத்துப் போச்சு. இப்ப நாலு வார்த்தை போட்டு இழுக்கறாங்க. இந்த விஷயத்துல ஓசூர்க்காரன் பணக்காரன். காய்கறி மார்க்கெட்ல அஞ்சு நிமிஷம் நின்னா போதும். தமிழ்ல முந்தாநேத்து, கன்னடத்துல மொன்னெ, தெலுங்குல மொன்ன. நேத்துக்குக் கன்னடத்துல நின்னெ, தெலுங்குல நின்ன. இது நமக்கு அந்நியம் என்று நினைச்சுடாதீங்க. திருக்குறள்ல நேற்று என்பதற்கு நெருநல் என்ற சொல் வருது, திருவெம்பாவையில நென்னல் வருது. நென்னலும் நின்னெயும் ஒரே குடும்பம். அதாவது பழந்தமிழ்ல இருந்த 'நேத்து' நம்ம பேச்சுல இல்ல, பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா வாய்ல உசிரோட இருக்கு. அதுலயும் மொன்னெ ரொம்ப வசதியான வார்த்தை. முந்தாநேத்து என்றும் சொல்லலாம், 'அன்னிக்கு ஒரு நாள்' என்று மழுப்பவும் செய்யலாம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேக்கறப்ப இந்த ரெண்டாவது அர்த்தம் ரொம்ப உபயோகம்.

இப்ப சிப்காட்ல வடக்கே இருந்து வந்து வேலை செய்யற தம்பிங்க அதிகம். அவங்க ஹிந்தில நேத்தும் 'கல்', நாளைக்கும் 'கல்'. முந்தாநேத்தும் 'பர்சோ', நாளன்னிக்கும் 'பர்சோ'. வினைச்சொல்லை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். 'மெட்டீரியல் எப்போ?' என்று சூப்பர்வைசர் கேக்க, ஒத்தை வார்த்தைல 'கல்' என்று பதில் வந்தா, வந்தாச்சா வரப்போகுதா என்று ஸ்டோருக்கே போய்த்தான் பாக்கணும். இதுல நைட் ஷிப்ட் வேற. ராத்திரி ஒரு மணிக்கு 'நேத்து' என்றால் எது? எனக்குத் தெரிஞ்ச ஃபேக்டரிகள்ல விடியக்காலை வரைக்கும் ஓடுற சி ஷிப்ட் உற்பத்தி முந்தின தேதி கணக்குலதான் ஏறும். நடுராத்திரி 12 மணிக்கு தேதி மாறறதெல்லாம் ஊருக்குத்தான், லாக் புக்குக்கு இல்ல.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். அல்டிமோவைத் தூக்கிட்டு வெள்ளைக்காரன் பாராமகால்ல நுழையும்போது, இங்க இருந்தவங்க தேதி தெரியாமலா இருந்தாங்க? தேதி அதிகமாவே இருந்துச்சு, அதுதான் பிரச்சனை.

திப்பு ஹிஜ்ரி கணக்கை ஓரம் வச்சுட்டு மௌலூதி என்று புதுசா ஒரு சகாப்தம் கொண்டு வந்தவர். மாசத்துக்கெல்லாம் அஹ்மதி, பஹாரி என்று வேற பேர். அறுபது வருஷ சுழற்சியை அப்படியே வச்சுக்கிட்டு, வருஷங்களுக்கும் வேற பேர். அவர் காசுகள்ல மௌலூதி வருஷத்தின் இலக்கங்களை வலமிருந்து இடமா அடிச்சிருப்பாங்க. பிக் எண்டியனா லிட்டில் எண்டியனா என்று அப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. அவர் கடிதங்களை 1811-ல் மொழிபெயர்த்துப் போட்ட கிர்க்பாட்ரிக், அந்தக் காலண்டரை விளக்கறதுக்கே தனியா பாடுபட வேண்டியிருந்தது. இது தர்பார்க் கணக்கு. ஊர்க்காரன் கணக்கு வேற. கன்னடமும் தெலுங்கும் பேசறவங்களுக்கு உகாதியில வருஷம் பிறக்கும், தமிழ் பேசறவங்களுக்கு சித்திரை ஒண்ணுல. வருஷத்துக்குப் பேர் ஒண்ணுதான், ஆனா நடுவுல சில நாள் முதல் சில வாரம் வரைக்கும் ஒரே தெருவுல ரெண்டு வருஷம் நடக்கும். வரி கட்ட பசலி. ஆங்கில வருஷத்துல 590-ஐக் கழிச்சா பசலி. அதுவும் 1855-ல் இருந்து ஜூலை ஒண்ணுல ஆரம்பிக்கும். இன்னிக்கும் விஏஓ கிட்ட அடங்கல் வாங்கினா மேல பசலி இருக்கும், பாருங்க.

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்ல. 1752 வரைக்கும் இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரைப் பிடிச்சுட்டுத் தொங்கிச்சு. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க புதுக் காலண்டர். ரெண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். 1746-ல் பிரெஞ்சுக்காரங்க சென்னைக் கோட்டையைப் பிடிச்சது செப்டம்பர் 10 என்று ஒரு புத்தகத்துலயும் 21 என்று இன்னொண்ணுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே நாள்தான், சண்டை போட வேண்டாம்.

நம்ம பழைய பத்திரங்கள்ல இதுக்கெல்லாம் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. இன்ஸ்டன்ட் என்பதற்கு நேரான தமிழ் வார்த்தை 'நாளது'. நாளது தேதி, நாளது மாதம், நாளது வருஷம். 'நாளது தேதி வரை' என்று ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னும் காதுல விழும். அது கூடவே நாள், மாதம், வருஷத்துக்குக் குறுக்கெழுத்துகள்: ௳, ௴, ௵. மேற்படிக்கு ௸. இதெல்லாம் 2003-ல் யூனிகோடு 4.0-ல் ஏறிடுச்சு, அதனாலதான் இங்க என்னால தட்ட முடியுது. இதுல 'மேற்படி'யும் ஒரு ரிலேட்டிவ் பாத்தான். மேல என்ன எழுதியிருக்கோ அதைச் சுட்டும், மேல்பக்கம் கிழிஞ்சா அம்போ.

தமிழ் வருஷப் பேருக்கும் ஒரு ஓட்டை உண்டு. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். தாது வருஷப் பஞ்சம் என்று எங்க பக்கம் வயசானவங்க சொல்லுவாங்க. 1876-ல் ஆரம்பிச்சது. சேலம் ஜில்லாவைச் சூறையாடின பஞ்சம். ஆனா 1936-ம் தாதுதான், 1996-ம் தாதுதான். அறுபதுக்குள்ள எந்தச் சுத்து என்று தெரிஞ்சிருந்தா மட்டும்தான் அந்தப் பேரை நம்பலாம். ஒரு மனுஷ ஆயுசுக்கு அது போதும் என்று விட்டிருக்காங்க. ராஜா ஆட்சிக்கு வந்து இத்தனாவது யாண்டு என்று எழுதின கல்வெட்டுகளுக்கு இது எவ்வளவோ தேவலை. அங்க எந்த ராஜா என்பதே சில சமயம் தெரியாது.

இனி எங்க வீட்டுக் கதை. எங்க தாத்தாவுக்கு ஓசூருக்குப் பக்கத்துல ரெண்டு ஏக்கர் கேழ்வரகு நிலம் இருந்துச்சு. 1970கள்ல அது கையகப்படுத்தலுக்குப் போச்சு. அப்ப நடைமுறையில இருந்தது 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் (2014 ஜனவரில புதுச் சட்டம் வர்ற வரைக்கும் அதுதான்). அதன் 5-ஏ பிரிவுப்படி ஆட்சேபணை இருந்தா அறிவிக்கை வந்து 30 நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தாத்தா கொடுத்தார். ஆனா விசாரணையில அந்த மனு எடுத்துக்கப்படலை. ஏன் என்பதுல எங்க குடும்பத்துல ரெண்டு கட்சி. பெரியப்பா கட்சி: தாத்தா சோம்பேறித்தனமா விட்டுட்டு அடுத்த வருஷம் மழை பெஞ்ச அப்புறம்தான் போய்க் கொடுத்தார். பாட்டி கட்சி: இல்லவே இல்ல, நோட்டீஸ் வந்த சூட்டோட நடந்தே போய்க் கொடுத்தார். பாட்டி போற வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தப் பஞ்சாயத்து நடந்துச்சு.

ட்ரங்க் பெட்டியில அந்தக் காகிதம் இருந்துச்சு. ஒரு அலுவலகத்துல இருந்து வந்த இங்கிலீஷ் கடிதம் (எந்த அலுவலகம் என்பது வேண்டாம்). மேல்பக்கம் நாலு விரக்கடை அளவுக்குக் கரையான் தின்னுட்டுது. தேதி இருந்த இடம் காலி. உள்ள டைப் அடிச்சிருக்கு: உங்களது 17-ம் தேதி அல்டிமோ மனு, இரண்டாவது பிரதி இல்லாத காரணத்தால் திருப்பி அனுப்பப்படுகிறது. பெரியப்பா இதை எத்தனையோ தடவை பார்த்திருக்காரு. 17-ம் தேதி மட்டும்தான் அவர் கண்ணுக்குப் பட்டுச்சு. மாசமும் இல்ல, வருஷமும் இல்ல. அதனால ரெண்டு கட்சியும் அதையே சாட்சியாக் காட்டிச்சு.

கூட இருந்த நோட்டீஸ் நகல்ல தேதி முழுசா இருந்துச்சு: 24.6.1974. கடிதத்தைத் திருப்பிப் போட்டா, பின்பக்கம் ஓரத்துல தாத்தா கைப்பட பென்சில்ல ஒரு வரி. வந்த காகிதத்துக்கெல்லாம் வந்த தேதி போட்டு வைக்கிற பழக்கம் அவருக்கு. 'நாளது ஆனந்த ௵ ஆவணி ௴ 6 ௳ வந்தது'. வீட்டுல யாரும் அதைப் படிக்கல, ஏதோ கிறுக்கல் என்று விட்டுட்டாங்க.

ஆனந்த வருஷம் என்றால் 1974 ஏப்ரல்ல இருந்து 1975 ஏப்ரல் வரை. முந்தின ஆனந்த 1914, அடுத்தது 2034. அறுபதின் ஓட்டை இங்க நமக்குப் பிரச்சனையே இல்ல. ஆவணி 6 என்றால் 1974 ஆகஸ்ட் 22 வாக்கில். ஆக கடிதம் ஆகஸ்ட்ல கைக்கு வந்திருக்கு. ஆகஸ்ட்லயே எழுதியிருந்தா அல்டிமோ என்பது ஜூலை, மனு ஜூலை 17. ஒருவேளை ஜூலைல எழுதி தபால்ல தாமதமாகி வந்துச்சுன்னா அல்டிமோ என்பது ஜூன் ஆகும், ஜூன் 17. ஆனா நோட்டீஸே ஜூன் 24 தானே? வராத நோட்டீஸுக்கு யாரும் ஆட்சேபணை எழுத மாட்டாங்க. ஆக ஜூலை 17 மட்டும்தான் மிச்சம். ஜூன் 24-ல் இருந்து 23 நாள். கெடு 30. அடுத்த வருஷம் என்று பெரியப்பா சொன்ன 1975-ல் நடந்திருந்தா தாத்தா ஆனந்த என்று எழுதியிருக்க மாட்டார், ராட்சச என்று எழுதியிருப்பார்.

கடிதத்தை எடுத்துட்டுப் போய் பெரியப்பா முன்னாடி வச்சேன். அவர் என் கணக்கை நம்பலை. பிரபவ, விபவ என்று ஆரம்பிச்சு விரல் விட்டு எண்ணிக்கிட்டே போனார். நாப்பத்தெட்டாவது விரலுக்கு ஆனந்த வந்து நின்னுச்சு. பஞ்சாங்கத்தை எடுத்து அதிலும் ஒரு தடவை பார்த்தார். பென்சில் எழுத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'எங்கப்பா எழுத்துதான்டா' என்றார். கொஞ்சம் கழிச்சு, 'அப்ப அந்த ரெண்டாவது பிரதியை எழுதி மறுபடி கொடுத்தாரா இல்லையா, அதைச் சொல்லு' என்று கேட்டார்.

திருப்பி வந்த மனு பெட்டியில இல்ல.